நல்லது பொல்லாததுக்கு ஆகும்

அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து மூன்று மாதம் கழித்து, வீட்டை ஒதுங்க வைக்க நானும் தம்பியும் ஊருக்குப் போனோம். இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்து இரண்டு நாளுக்குத்தான் மாற்றுத்துணி எடுத்திருந்தேன். பதினோரு நாள் ஆயிற்று.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளை அறிந்தவர்களுக்கு அந்த வீட்டை விவரிக்க வேண்டியதில்லை. சுவரில் ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் எடுத்த வாக்குத்தத்த அட்டைகள், வருஷ வரிசையில். பரண் நிறைய எவர்சில்வர். கல்யாணத்துக்கு வந்தது, ஞானஸ்நானத்துக்கு வந்தது, வீடு பிரதிஷ்டைக்கு வந்தது. கொடுத்தவர் பெயர் ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. தூக்குவாளி மட்டும் 17. கடைசி ஆறு வருஷம் தனியாக இருந்த அம்மா புழங்கியது ஒரு சோற்றுப்பானை, இரண்டு சட்டி, ஒரு தட்டு. மற்றதெல்லாம் எதற்கும்மா என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "கெடக்கட்டும்ளா, நல்லது பொல்லாததுக்கு ஆகும்."

ஐந்தாம் நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில், பழைய வேட்டியில் சுற்றி, அரக்குப் பட்டுப்புடவை ஒன்று. என் கல்யாணத்துக்கு அப்பா அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தது. அன்றைக்கு உடுத்தியதோடு சரி, இன்னொரு நல்ல நாளுக்கு என்று எடுத்து வைத்துவிட்டாள். நான் மெதுவாகத்தான் விரித்தேன். மடிப்பு விழுந்த இடமெல்லாம் நூல் நூலாக விட்டுப் போயிற்று. ஜரிகை கறுத்திருந்தது. பெட்டியின் நாலு மூலையிலும் அந்துருண்டை போட்டு வைத்திருந்தாள். அந்து என்பது துணியைத் தின்னும் பூச்சி. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் பூமியில் சேர்த்து வைக்கும் பொக்கிஷத்தைப் பற்றிச் சொல்லும்போது இயேசு முதலில் பேசுவது பூச்சியைத்தான். அம்மாவின் பெட்டிக்குள் ஒரு பூச்சிகூட வரவில்லை. அப்படியும் புடவை போய்விட்டது.

தம்பி அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். "அக்கா, ஞாயித்துக்கிழமை கோயிலுக்காவது அம்மா இத உடுத்திருக்கலாம்" என்றான்.

பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்து என் வீட்டுப் பரணை அண்ணாந்து பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அதே பரண்.

சேர்த்து வைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. யோசேப்பும் களஞ்சியம் கட்டினவன்தான். ஏழு வருஷ விளைச்சலைச் சேர்த்து வைத்தான். பஞ்சம் வந்ததும் களஞ்சியங்களைத் திறந்துவிட்டான். லூக்கா 12இல் வரும் ஐசுவரியவானுக்கும் களஞ்சியம் இருந்தது. அவன் அதை இடித்து இன்னும் பெரிதாகக் கட்ட யோசித்தான், தனக்காக. திறப்பதற்கென்று கட்டியதா, இல்லையா என்பதுதான் வித்தியாசம். என் பரணில் திறப்பதற்கென்று எதுவும் இல்லை.

அடுத்த லெந்து நாட்களில் தொடங்கினேன். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, ஞாயிறுகளை விட்டு எண்ணினால் 40 நாள். நாளொன்றுக்கு ஒரு பை. துணிக்கடைக்காரர் கொடுக்கும் சின்னப் பை போதும். ஞாயிற்றுக்கிழமை எதையும் தொடுவதில்லை. ஒரே நாளில் வீட்டைக் கவிழ்த்துப் போட்டால் மறுநாள் அத்தனையும் பழைய இடத்துக்கே போய்ச் சேரும் என்பது என் அனுபவம். அடுக்களையில் தொடங்குவது நல்லது. மூடி இல்லாத டப்பாவும் டப்பா இல்லாத மூடியும் மனதை அவ்வளவாகப் பிடித்து இழுக்காது. போட்டோவையும் கடிதத்தையும் முதல் வாரத்தில் தொட்டால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும்.

ஜப்பானைச் சேர்ந்த மேரி கோண்டோ, ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறார். பலருக்கு அது உதவியிருக்கிறது. எனக்குப் போதவில்லை. அம்மாவின் 17 தூக்குவாளியும் எனக்கு மகிழ்ச்சி தருகிறவைதான். நாலாம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயராக இருந்த பசிலியார், அதே ஐசுவரியவான் உவமையைப் பிரசங்கித்தபோது, பெட்டியில் பூட்டி வைத்த அங்கி உடுத்த இல்லாதவனுக்குச் சொந்தம் என்ற கருத்தில் பேசியிருக்கிறார். அதைப் படித்த பிறகு என் கேள்வி மாறிவிட்டது. இது இப்போது யாருக்கு வேண்டும்? பெயரோ முகமோ உடனே நினைவுக்கு வந்தால் பொருள் பைக்குள் போய்விடும். பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை போட்டிருக்கும் பெண்ணுக்கு என் பெரிய இட்லிக் கொப்பரை அப்படித்தான் போயிற்று. ஒன்பது வருஷம் என்னிடம் சும்மா கிடந்தது, மறுநாள் காலையிலேயே அங்கே அடுப்பில் இருந்தது.

சித்திக்கு இது பிடிக்கவில்லை. "மீதியானத எல்லாம் சேத்து வைக்கச் சொன்னாரே கர்த்தர், நீ இப்படி வாரிக் கொடுக்கியே?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்த பிறகு துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னது யோவான் 6இல் இருக்கிறது. பன்னிரண்டு கூடை நிறைந்தது. ஆனால் எதுவும் சேதமாகாமல் இருக்கத்தான் சேர்க்கச் சொன்னார். பரணில் கிடந்து துருப்பிடிப்பதும் சேதம்தானே சித்தி என்றேன். அவர்கள் பதில் சொல்லவில்லை. அந்த வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துக்கு இரண்டு பித்தளைக் குத்துப்போணி கொண்டுவந்து வைத்தார்கள்.

கொடுப்பதில் ஒரு பிழை செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் பழைய துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த அம்மா மரியாதையாக வாங்கிக்கொண்டு, உள்ளே ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். கூரை வரை மூட்டைகள். பொத்தான் போன சட்டை, சாயம் போன நைட்டி, ஒற்றைக்கால் சாக்ஸ். "எல்லாரும் அன்பாத்தான் கொடுக்காங்க. பிரிச்சுப் பாக்கத்தான் எங்ககிட்ட ஆள் இல்ல" என்றார்கள். என் சுமையை அவர்கள் தலையில் இறக்கிவிட்டு, தர்மம் என்று பெயர் வைக்க இருந்தேன். செலவில்லாமல் வாங்கியதைத் தேவனுக்குப் பலியிட மாட்டேன் என்று அர்வனாவிடம் களத்தை விலை கொடுத்து வாங்கிய தாவீதை நினைத்துக்கொண்டு மூட்டையைத் திரும்ப எடுத்து வந்தேன். இப்போது முதலில் கேட்டுவிட்டுத்தான் போகிறேன். அவர்கள் கேட்டது புதுத் துண்டு, உள்ளாடை, கொசுவலை. கிழிந்த துணி வீட்டிலேயே கரித்துணியாகட்டும்.

வேதாகமங்களில்தான் அதிகம் தயங்கினேன். 1715இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானபோது தாள் கிடைப்பதே பெரும்பாடு. என் வீட்டில் 14 இருந்தன. வாசிப்பது ஒன்று. எங்கள் சபை ஐயரிடம் போய்க் கேட்டேன். வாசிக்கத் தக்கதை வாசிக்கிறவரிடம் கொடுங்கள், தாள் உதிர்ந்ததை மண்ணில் புதைத்துவிடுங்கள், அதில் அவமரியாதை இல்லை என்றார். ஒன்பதை ஆஸ்பத்திரி ஊழியத்துக்குப் போகிறவர்களிடம் கொடுத்தேன். உதிர்ந்த மூன்றைக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் வைத்தோம். பக்கத்துக்குப் பக்கம் அம்மா பென்சிலில் தேதி போட்டிருந்த ஒன்றை வைத்துக்கொண்டேன். இப்போது காலையில் வாசிப்பது அதில்தான். என்னுடையது மகள் கைக்குப் போய்விட்டது.

இறந்தவர்களின் பொருளில் எதை வைப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: புழங்கக்கூடிய ஒன்றை வையுங்கள், அதைப் புழங்குங்கள். அம்மா சோறு பொங்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துப் போட்டுவைத்து ஆலயத்துக்குக் கொண்டுபோகும் சின்ன மண்கலயம் ஒன்று இருந்தது. அது என் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாதம் ஒரு முறை நிறைகிறது, காலியாகிறது.

இது மூன்றாவது லெந்து. முன்னறையிலிருந்த இரண்டு மர பீரோவும் போனபின் அங்கே பாய் விரித்தால் பதினைந்து பேர் உட்காரலாம். புதன்கிழமை ஜெபக்கூட்டம் இப்போது எங்கள் வீட்டில்தான் நடக்கிறது.

ஒரு பெட்டி மட்டும் இன்னும் திறக்காமல் இருக்கிறது. அப்பா வேலைக்காக வெளியூரில் இருந்த காலத்தில் அம்மாவுக்கு எழுதிய இன்லண்ட் கடிதங்கள், ரிப்பன் கட்டியபடி. ஈஸ்டருக்குத் தம்பி வருகிறான். சேர்ந்து உட்கார்ந்து, சத்தமாக வாசிப்பதாக இருக்கிறோம்.