வலைச் செயலியில் ரிச் டெக்ஸ்ட் எடிட்டரை அமைத்தல்

களப்பணியாளர் தம் அறிக்கைகளையும் ஆசிரியர் தம் பாடக்குறிப்புகளையும் இந்நாளில் வலைச் செயலிகளிலேயே எழுதி வருகின்றனர். சாதாரண எழுத்துப்பெட்டியில் தலைப்பு, தடித்த எழுத்து, வரிசை எண் ஆகியவற்றை இட இயலாது. இவற்றை இடுவதற்கு உதவும் சாதனமே ரிச் டெக்ஸ்ட் எடிட்டர் எனப்படும். ஜாவாஸ்கிரிப்ட் செயலி ஒன்றில் அதனைச் சேர்க்கும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

1. ஆயத்த எடிட்டரின் அவசியம்

உலாவியில் எந்தப் பகுதியையும் எழுதத்தக்கதாக ஆக்கக் ‘கன்டென்ட் எடிட்டபிள்’ என்னும் பண்பு உண்டு. ஆயினும் அதனை மட்டும் நம்பி எடிட்டர் செய்வது எளிதன்று. உலாவிகள் எல்லாம் அதனை ஒரே விதமாகக் கையாள்வதில்லை. எழுத்தைத் தடிப்பாக்க முன்னர் உபயோகிக்கப்பட்ட ‘எக்ஸெக் கமாண்ட்’ என்னும் கட்டளையும் கைவிடத்தக்கதென இப்பொழுது குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே குவில், டைனிஎம்சிஇ, புரோஸ்மிரர் போன்ற ஆயத்த எடிட்டர்களுள் ஒன்றைத் தெரிந்துகொள்வதே நலம். இங்குக் குவிலை உதாரணமாகக் கொள்வோம்.

2. அமைக்கும் முறை

முதலில் என்பிஎம் வாயிலாகக் குவிலை நிறுவுக. அதன் அலங்காரக் கோப்பையும் பக்கத்துடன் இணைக்க வேண்டும். அடுத்துப் பக்கத்தில் ஒரு வெற்றுப் பகுதியை வைத்து, அது திரையில் தோன்றிய பின்னரே எடிட்டரை அதன்மீது உருவாக்குக. ரியாக்ட் போன்றவற்றை உபயோகிப்போர் ஒருமுறைக்கு மேல் உருவாக்காதவாறு கவனித்தல் வேண்டும். தவறினால் இரண்டு கருவிப்பட்டைகள் தோன்றும். பட்டையில் தேவையான பொத்தான்களை மட்டும் வைத்தால் போதும்.

3. சேமிக்கும் முறை

குவில் தன் உள்ளடக்கத்தை ‘டெல்டா’ என்னும் வடிவில் தருகிறது. எழுதப்பட்ட சொற்களும் அவற்றின் தன்மைகளும் அதில் முறையே பதிவாகும். அதனை ஜேசன் ஆக்கிச் சேமித்து, மீண்டும் அவ்வாறே எடிட்டரில் ஏற்றலாம்.

இங்கு நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. குவில் எப்பொழுதும் இறுதியில் ஒரு வரிமுறிவை வைத்திருக்கும். ஆதலின் வெற்று எடிட்டரின் நீளமும் 1 ஆகும். நீளம் 0 தானா என்று மட்டும் சோதிக்கும் செயலி, வெற்று அறிக்கையையும் ஏற்றுக்கொண்டுவிடும். மேலும் ‘தமிழ்’ என்னும் சொல்லில் நம் கணக்கில் எழுத்துகள் 3. ஜாவாஸ்கிரிப்டின் கணக்கிலோ 5. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். எழுத்து வரம்பு விதிப்போர் ‘இன்டல் செக்மென்டர்’ கொண்டு எண்ணுவாராயின் 3 என்னும் சரியான விடை கிட்டும்.

4. படங்கள்

எடிட்டரில் இடும் படத்தைக் குவில் இயல்பாக பேஸ்64 எழுத்துகளாக மாற்றி உள்ளடக்கத்திலேயே வைத்துவிடும். இதனால் அளவு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூடும். 3 எம்பி படம் 4 எம்பி ஆகும். இணைய வேகம் குறைந்த கிராமத்திலிருந்து அனுப்பும் அறிக்கை இதனாலேயே சேராமற்போகலாம். படத்தைச் சிறிதாக்கித் தனியே சர்வருக்கு அனுப்பி, அதன் முகவரியை மட்டும் உள்ளடக்கத்தில் வைத்தலே தக்கது.

5. பாதுகாப்பு

இதுவே பாடத்தின் மிக முக்கியமான பகுதி. ஒருவர் எழுதியதை மற்றொருவரின் உலாவி காட்டுகிறது. எழுத்தினூடே தீய ஸ்கிரிப்ட் ஒளிந்திருப்பின், அறிக்கையைத் திறக்கும் மேலதிகாரியின் அதிகாரத்துடனேயே அது இயங்கும். எடிட்டர் அதனைத் தடுத்துவிடும் என எண்ணலாகாது. தீயோர் எடிட்டரைத் தொடாமலே சர்வருக்கு நேரே தகவல் அனுப்ப இயலும். ஆகையால் சர்வரிலும் பரிசோதனை வேண்டும். எச்டிஎம்எல்லாகக் காட்டும் இடங்களில் டாம்ப்யூரிஃபை போன்ற வடிகட்டியை உபயோகித்து, அனுமதித்த குறிகளை மட்டும் விடுக. இணைப்பு முகவரிகளும் எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ் எனத் தொடங்குகின்றனவா என்று பார்த்தல் அவசியம்.

6. பயிற்சி

மாணவர் ‘தமிழ்’ என்று மட்டும் எடிட்டரில் எழுதி, குவில் கூறும் நீளத்தைக் காண்க. விடை 6 ஆகும். அஃது எவ்வாறு வந்தது என்பதை மேற்கூறியவற்றைக் கொண்டு அவர்களே விளக்குமாறு ஆசிரியர் கேட்கலாம்.