அசலா, நகலா? பழைய கார் உதிரிபாகம் சொல்லும் சாட்சி

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு)



"இது ஒரிஜினல் பீஸ் தம்பி, கம்பெனி மால்!" ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் படி ஏறிய எல்லோர் காதிலும் விழுந்திருக்கும் வசனம் இது. பெட்டி புதுசு, எழுத்து பளிச், விலையும் ஜாஸ்தி. அதனாலேயே அது அசல் ஆகிவிடுமா?

பழம்பெரும் கார்களைப் பழுது பார்த்துப் பாதுகாக்கும் தொழிலில் இந்தக் கேள்விக்குப் பல லட்ச ரூபாய் மதிப்பு. சில நேரம் ஓர் உயிரின் மதிப்பு! இதற்கு விடை காண முப்பது வருஷ மெக்கானிக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. பவுண்டரி, மெட்ராலஜி, மெட்டீரியல் டெஸ்டிங் என்று நாம் படிக்கும் பாடங்களே கைகொடுக்கும். எப்படி என்று பார்ப்போமா?

முதலில் நான்கு வகை

1. அசல்: அந்தக் காரிலேயே தொழிற்சாலையில் பூட்டி வந்தது.

2. பழைய இருப்பு: அதே கம்பெனி அந்தக் காலத்தில் ஸ்பேராகச் செய்து, விற்காமல் கிடங்கிலேயே தங்கிவிட்டது.

3. மறு உற்பத்தி: பின்னாளில் அதே மாதிரி செய்தது. உரிமம் வாங்கிச் செய்வதும் உண்டு, வாங்காமல் செய்வதும் உண்டு.

4. போலி: மூன்றாவதை எடுத்து முதலாவது என்று சொல்லி விற்பது.

மூன்றாவது வகை குற்றமில்லை. அது இல்லாவிட்டால் பாதிப் பழைய கார்கள் காயலான் கடைக்குத்தான் போயிருக்கும். குற்றம் பொருளில் இல்லை, அதைப் பற்றிச் சொல்லும் பொய்யில் இருக்கிறது.

நம் பாடத்துக்கு ஒரு கார்

1964 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். அதன் 1965 மாடலில் 289 கன அங்குல (சுமார் 4.7 லிட்டர்) வி-8 எஞ்சின் உண்டு. சாதாரண வடிவம் 200 குதிரைசக்தி. அதே கொள்ளளவில் விசேஷமாகச் செய்த வடிவம் 271 குதிரைசக்தி. கார் எண்ணின் ஐந்தாவது இடத்தில் 'கே' என்ற எழுத்து இருந்தால் அது விசேஷ எஞ்சினோடு பிறந்த கார். 'கே' கார்கள் குறைவு, ஆகவே விலை மிக அதிகம். சாதாரண எஞ்சினுக்கு 'கே' வேஷம் போடும் ஆசை இங்கேதான் பிறக்கிறது. அந்த வேஷத்தை நாலு படியில் கலைக்கலாம்.

படி 1: எண்ணைப் படி

ஒரு பிளாக்கில் 'சி5ஏஇ-6015-இ' என்று வார்த்திருக்கிறது. 'சி' என்றால் 1960-கள். '5' என்றால் 1965. 'ஏ' ஃபோர்டின் பெரிய கார் வரிசை. அடுத்த 'இ' எஞ்சின் பிரிவு. 6015 சிலிண்டர் பிளாக். கடைசி எழுத்து திருத்தத்தைக் குறிக்கும். "மஸ்டாங்குக்கு உரிய எழுத்து 'இசட்' ஆச்சே, இங்கே 'ஏ' இருக்கே, போலியோ?" என்று அவசரப்பட வேண்டாம். இது டிசைன் எண். பெரிய காருக்கு வரைந்த பிளாக்கையே மஸ்டாங்குக்கும் போட்டார்கள்.

அடுத்தது வார்ப்புத் தேதி. '5சி12' என்றால் 1965 மார்ச் 12. ஜனவரிக்கு 'ஏ', பிப்ரவரிக்கு 'பி' என்று போகும். 'ஐ' எழுத்தை விட்டுவிடுவார்கள், ஆகவே செப்டம்பர் 'ஜே'. காரின் கதவுத் தகட்டில் '14டி', அதாவது ஏப்ரல் 14 என்று இருந்தால் கணக்குச் சரி. பிளாக்கில் '5இ20', அதாவது மே 20 என்று இருந்தால்? பிள்ளை பிறந்த பிறகு தாய் பிறந்த கதை! அந்த பிளாக் அந்தக் காரோடு வந்திருக்கவே முடியாது.

படி 2: எண்ணை நம்பாதே, உலோகத்தைப் பார்

பெட்டி, ஸ்டிக்கர், ஏன், கண்ணாடி மேல் இருக்கும் 'கார்லைட்' முத்திரை கூட மறு உற்பத்தியில் கிடைக்கிறது. எண்ணையும் தேய்த்துவிட்டு வேறு எண் அடிக்கலாம். ஆனால் மெஷின் செய்த பரப்பில் கருவி போன கோடுகள் இருக்கும். எண் இருக்கும் இடத்தில் மட்டும் அந்தக் கோடுகள் மறைந்து, கிரைண்டர் தடம் தெரிந்தால் உஷாராகுங்கள். இன்னொன்று: பஞ்ச் அடித்தால் எழுத்துக்குக் கீழே உள்ள உலோகமும் நசுங்கி இறுகும். மேலே தேய்த்தாலும் அடியில் அந்தத் தழும்பு இருக்கும். தகுந்த அமிலக் கரைசல் தடவிப் பழைய எண்ணை வெளியே கொண்டுவருவது தடய அறிவியலில் வழக்கமான முறை.

வார்ப்பில் ஒரு அழகான துப்பு உண்டு. பேட்டர்ன் செய்யும்போது 'ஷ்ரிங்கேஜ் அலவன்ஸ்' விட வேண்டும் என்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வார்ப்பிரும்பு குளிரும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். அசல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையே பேட்டர்னாக மண்ணில் பதித்து நகல் வார்த்தால், 300 மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் குறையும். எழுத்துகளின் விளிம்பும் மழுங்கிப் போகும்.

படி 3: அளந்து பார்

விசேஷ எஞ்சினின் கனெக்டிங் ராடு போல்ட் 3/8 அங்குலம் (9.53 மி.மீ.). சாதாரண 289-இல் 5/16 அங்குலம் (7.94 மி.மீ.). வெர்னியர் ஒன்று போதும்! மெயின் பேரிங் கேப்புகளும் விசேஷ எஞ்சினில் அகலம் அதிகம். 'கே' என்று எழுதிவிடுவது சுலபம். உள்ளே இத்தனையும் மாற்றுவது சுலபமில்லை. ஆனாலும் ஒரே ஒரு அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். குறைந்தது மூன்று சாட்சிகள் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

படி 4: போல்ட் தலையைப் பார்

அந்தக் கால அமெரிக்கக் காரில் அங்குல மரைதான். போல்ட் தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. அந்த இடத்தில் '8.8' அல்லது '10.9' என்று எழுதியிருந்தால் அது மெட்ரிக் போல்ட், பின்னாளில் வந்தது. பாடி ஷீட்டில் தொழிற்சாலை ஸ்பாட் வெல்டு சிறு வட்டக் குழிகளாக வரிசையாக இருக்கும். துளையிட்டு நிரப்பிய வெல்டு இருந்தால் பேனல் மாற்றப்பட்டிருக்கிறது.

அசல் என்றால் எல்லாம் நல்லதா?

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். 1965 மஸ்டாங்கின் அசல் பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. எங்கே ஒரு இடத்தில் கசிந்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு! 1967 மாடலில்தான் இரட்டை அறை வந்தது. ரப்பர் சீல், ஹோஸ் எல்லாம் பெட்டியிலேயே இருந்தாலும் வயதாகி வெடிக்கும். பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஆகவே அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. காட்சிக்கு நிற்கும் காருக்கு அசல் அழகு. ரோட்டில் ஓடும் காருக்கு, நல்ல தரத்தில் புதிதாகச் செய்த பிரேக் பாகமே அறிவு.

நம்ம ஊர்க் கணக்கு

'அசல்' என்பது காரைப் பொறுத்தது. 2014 வரை தயாரான அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது. சென்னை பாடியில் வளர்ந்த லூகாஸ் டி.வி.எஸ். 1961-இல் தொடங்கியது. அதன் முத்திரை உள்ள மின்சாதனம் அம்பாசடரில் இருந்தால் இயல்பு. அதையே இங்கிலாந்திலிருந்து வந்த மோரிஸில் பூட்டினால் வண்டி நன்றாகவே ஓடலாம். உண்மையான கம்பெனிச் சரக்குதான், போலி இல்லை. ஆனால் அந்தக் காரின் அசல் இல்லை. இந்த வித்தியாசத்தை வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்ல நமக்குத் தெரிய வேண்டும்.

நாளைக்கு நம்மில் ஒருவர் ஒர்க்‌ஷாப் வைப்பார், இன்னொருவர் இன்சூரன்ஸ் சர்வேயர் ஆவார். பில்லில் 'ஒரிஜினல்' என்று எழுதிக் கையெழுத்துப் போடும்முன் ஒரு நிமிஷம் அளந்து பாருங்கள். நகல் என்றால் 'நகல்' என்றே எழுதுங்கள். வாங்குகிறவர் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பணத்தைக் கொடுக்கிறார், குடும்பத்தையும் வண்டியில் ஏற்றுகிறார்.

உதிரிபாகம் நகலாக இருக்கலாம். நம் வார்த்தை அசலாக இருக்கட்டும்!