ஒரே ஓட்டு!



"பிரதமரை யாருப்பா இறக்க முடியும்? ஜனாதிபதி நினைச்சா போதாதா?" ஹாஸ்டல் மெஸ்ஸில் வாக்குவாதம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். படித்தபின் தெளிந்தேன்.

அரசியல் சட்டம் 75-வது பிரிவின்படி அமைச்சரவை மக்களவைக்கே கூட்டாகப் பொறுப்பு. 50 உறுப்பினர்கள் ஆதரித்தால் நம்பிக்கையில்லாத் தீர்மானம் விவாதத்துக்கு வரும். காரணம் சொல்லக்கூட வேண்டாம். வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் அதை ஆதரித்தால் மொத்த அமைச்சரவையும் ராஜினாமா!

அரசே நம்பிக்கை வாக்குக் கோரித் தோற்றாலும் இதே கதிதான். 1990-ல் வி.பி.சிங், 1997-ல் தேவகவுடா அப்படித்தான் போனார்கள். 1999 ஏப்ரல் 17-ல் வாஜ்பாய்க்கு ஆதரவு 269, எதிர்ப்பு 270!

போன சங்கத் தேர்தலில் என் வகுப்பு நண்பனும் ஒரே ஓட்டில்தான் தோற்றான். அன்று நான் அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை வரிசையில் முதல் ஆள் நான்தான். நீங்களும் வாங்க!