மாரிக்கு மேடு, கோடைக்குச் சாடி

கல்முனையில் வீட்டுத்தோட்டம் செய்ய விரும்புகிறவர், எந்த விதையை வாங்கலாம் என்று விசாரிப்பதற்கு முன், தம்முடைய வளவு பிரதான வீதிக்குக் கிழக்கே கடற்கரை மணலில் இருக்கிறதா, மேற்கே கரைவாகு வயலோரத்தில் கிரவல் கொட்டி உயர்த்திய நிலத்தில் இருக்கிறதா என்பதையும், மாரியில் அங்கே தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது, கோடையில் கிணற்று நீர் எப்போது கரிக்கத் தொடங்குகிறது என்பதையும் அறிந்துகொள்வது அவசியம். மருதமுனை தொடங்கி நிந்தவூர் வரையுள்ள எல்லா ஊருக்கும் இது பொருந்தும்.

பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்து மணம் முடிக்கும் இந்தக் கரையோரத்துச் சம்பிரதாயத்தால், தென்னையும் மாவும் நின்ற ஒரு வளவு மூத்தவளுக்கென்றும் இளையவளுக்கென்றும் பிரிந்து, இறுதியில் குசினிக்கும் மதிலுக்கும் இடையே நாலு முழ மண்ணாகச் சுருங்கிவிட்ட வீடுகளே இன்று அநேகம். ஆகையால் மரமா, மேட்டுப் பாத்தியா, சாடியா என்ற கேள்வி எல்லார் முன்னும் நிற்கிறது.

மரத்துக்கு இடமிருப்பவர் முருங்கையையும் கறிவேப்பிலையையும் முதலில் வைக்கட்டும். மணலில் முருங்கைத் தடி சுலபமாக வேர் பிடிக்கும். ஆனால் தேங்கிய தண்ணீரில் அதன் வேர் அழுகிவிடும் என்பதால், கிரவல் வளவுக்காரர் அதை மேட்டில்தான் நட வேண்டும். 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியைக் கண்ட முதியவர்கள் வீட்டுச் சுவரோரம் உயர்ந்த மரம் எதையும் விரும்பமாட்டார்கள். அவர்களுடைய அபிப்பிராயம் நியாயமானதே. மாரிக்கு முன் முருங்கையைத் தறித்துவிட்டால் காற்றுக்கும் தப்பும், தளிரும் கைக்கெட்டும்.

பாத்தி விஷயத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறோம். முதல் மழை விழுந்தவுடன் உற்சாகமாகக் கத்தரியையும் கொச்சிக்காயையும் மண்ணில் ஊன்றிவிட்டு, கார்த்திகை மார்கழிப் பெருமழையில் நாற்றெல்லாம் குழைந்து கிடப்பதை நானும் இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த மழைக்கு உகந்தவை கங்குனும் வல்லாரையுமே. கத்தரி, கொச்சி நாற்றுகளை அதுவரை தாழ்வாரத்துச் சாடியில் வளர்த்து, மழை தணியும் தை மாதத்தில், அரை முழம் உயர்த்திய பாத்திக்கு மாற்றினால், பங்குனி சித்திரையில் காய் பறிக்கலாம். வெண்டியையும் பயற்றையையும் அப்போது நேரடியாகவே விதைக்கலாம். எந்த மாதத்தில் தொடங்குவது என்பதை நோன்பை வைத்துக் கணக்கிடுவது பிரயோஜனமில்லை. பிறைக் கணக்கில் வரும் நோன்பு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முந்தி வந்து, சுமார் 33 வருஷத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றிவிடுகிறது.

2022 ஜூனில், உணவுத் தட்டுப்பாட்டுக்கு அஞ்சிய அரசாங்கம், உத்தியோகத்தர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டுமென்று வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்கியது. நோக்கம் நல்லது, நாளும் ஜும்ஆ நாள். ஆனால் தென்மேற்குப் பருவமழை பெய்யும் கொழும்புக்குப் பொருந்திய அந்தக் காலம், கச்சான் காற்று இலையைக் கருக்கிக்கொண்டிருக்கும் நம் கரைக்குப் பொருந்தவில்லை.

கச்சான் காலத்தில் பாத்தியை விட்டுச் சாடிக்கு மாறுவதே உத்தமம் என்று நான் சொல்வதற்குக் காரணம் கிணறுதான். மணலுக்குள் நன்னீர் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீர்க் கணக்கு. அவ்வாறாயின், மோட்டரை ஓயாமல் ஓடவிட்டு மேல்மட்டத்தை இறக்குகிறவர், அடியிலிருந்து உப்பை எத்தனை மடங்கு மேலே வரவழைக்கிறார் என்பதை யோசித்துக்கொள்ளலாம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடல் புகுந்த கிணறுகளை விடாமல் இறைத்தபோது பல இடங்களில் உவர்ப்பு ஏறியதேயொழியக் குறையவில்லை. பின்னர் பெய்த மாரிமழைகளே மண்ணைக் கழுவின. பாத்தி கேட்கும் நீரில் சிறு பங்கே சாடிக்குப் போதும். சவர்க்காரம் கலவாத உளூச் செய்த நீரைப் பிடித்து வைத்தாலே ஐந்தாறு சாடி பிழைத்துவிடும். கீரையும் பயற்றையும் சிறிது உவர்ப்பைப் பொறுக்கும், போஞ்சி பொறுக்காது.

சாடிக்குக் குறையில்லாமலில்லை. கொங்கிறீட் மேற்தளத்தில் வைத்த கறுப்புப் பை நண்பகலில் வேரை வேகவைத்துவிடும். ஆகவே கிழக்குச் சுவரோரம் பிற்பகல் நிழலில் வைத்து, தும்புச்சோற்றை உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, மாட்டெருவோடு கலந்து நிரப்ப வேண்டும். அணில் கடித்ததைப் பற்றி முறையிட வேண்டாம். நட்டவருக்கு அது ஸதகாவாகப் பதியப்படும் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

மூன்றில் ஒன்றைத்தான் தெரிந்தெடுக்க முடியும் என்ற நிலையிலுள்ளவருக்கு என் தீர்ப்பு: கிழக்கு மணலில் ஒரு முருங்கை, மேற்கு மேட்டில் தைப் பாத்தி, மண்ணே இல்லாத வீட்டில் ஆறு சாடிக்கு மேல் வேண்டாம். கமநல சேவை நிலையத்தில் விதை வாங்கப் புறப்படும் காலையில், கிணற்று நீரில் ஒரு துளியை நாவில் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.