உடலும் உள்ளமும் ஒரே அமானிதம்



வாப்பாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டால் வீடே ஒன்று கூடுகிறது. உம்மா தேநீரில் சீனியைக் குறைக்கிறார். மகன் மாத்திரை வாங்கி வருகிறான். மருமகள் நேரம் தவறாமல் எடுத்துக் கொடுக்கிறாள். பள்ளிவாசலில் பார்ப்பவர்களும், "இப்போது எவ்வளவு இருக்கிறது?" என்று கூச்சமின்றிக் கேட்கிறார்கள்.

அதே வாப்பா மூன்று மாதமாக இரவில் தூங்கவில்லை, யாரிடமும் பேசுவதில்லை, சாப்பாட்டில் மனம் செல்வதில்லை, ஜமாஅத்துத் தொழுகைக்குப் போவதையும் விட்டுவிட்டார் என்றால் என்ன நடக்கிறது? ஒருவர், "வயதாகிவிட்டது" என்கிறார். இன்னொருவர், "ஈமான் குறைந்துவிட்டது" என்கிறார். மற்றொருவர், "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று காதோடு காதாகச் சொல்கிறார். "வெளியே தெரிந்தால் பெண் பிள்ளைகளின் சம்பந்தம் என்னாவது?" என்று கதவைச் சாத்திவிடுகிறோம்.

உடலுக்கு வந்தால் நோய். உள்ளத்துக்கு வந்தால் மானக்கேடு! இந்தப் பிரிவினையை நமக்குக் கற்றுக் கொடுத்தது யார்? மார்க்கமா? நம் முன்னோர்களின் மருத்துவமா? இரண்டும் இல்லை என்பதே இக்கட்டுரையில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய பாடம்.

திருமறை காட்டும் வழி

யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று திருமறையின் 12ஆம் அத்தியாயம் கூறுகிறது. இதில் இரண்டு படிப்பினைகள் உள்ளன. துயரம் வந்தவர் ஒரு நபி. எனவே மனம் நொந்தவரைப் பார்த்து, "உன் ஈமான் பலவீனமானது" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. இரண்டாவது, துயரம் உள்ளத்தோடு நின்றுவிடவில்லை, கண்ணைப் பாதித்தது. உள்ளத்தின் வலி உடலில் இறங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

மர்யம் (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். பிரசவ வேதனையில், இதற்கு முன்பே தாம் இறந்து போயிருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள் என்பதை 19ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அந்த வார்த்தைக்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல் வந்தது. கூடவே நீரூற்றும், கனிந்த பேரீத்தம் பழமும் வந்தன. உள்ளத்துக்கு ஆறுதல், உடலுக்கு ஆகாரம்: இரண்டையும் வல்ல அல்லாஹ் ஒரே நேரத்தில் வழங்கினான்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், தம் குடும்பத்தில் மரணம் நேர்ந்து வந்தவர்கள் கலைந்து சென்றபின், தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைக் காய்ச்சச் சொல்வார்கள். அது நோயாளியின் இதயத்துக்கு இதமளித்துக் கவலையில் சிறிது போக்கும் என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டிருந்ததாக அறிவித்தார்கள். இது புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது. துக்கம் உள்ளத்தில், மருந்து கஞ்சிக் கலயத்தில்! இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதை அந்த வீடு அறிந்திருந்தது.

அபூ ஸைத் அல்பல்கீயின் நூல்

இந்த அறிவை ஒரு மருத்துவ நூலாக வகுத்துத் தந்தவர்களில் முன்னோடி அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்பல்கீ. இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்கு பிரதேசத்தில், சுமார் கி.பி. 850இல் பிறந்தார். கல்வி தேடி இராக் சென்று, அறிஞர் அல்கிந்தீயிடம் பாடம் கற்று, ஊர் திரும்பினார். 934இல் வஃபாத்தானார். பூகோளக் கலையிலும் அவர் பெயர் பெரிது.

அவர் எழுதிய நூலின் பெயர் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்'. உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருபவை என்பது இதன் கருத்து. முதற் பகுதி உடலைப் பற்றியது, 14 அத்தியாயங்கள். இரண்டாம் பகுதி உள்ளத்தைப் பற்றியது, 8 அத்தியாயங்கள். ஒரே நூல், ஒரே அட்டைக்குள் இரண்டும்!

காரணத்தை அவரே விளக்குகிறார். மனிதன் உடலும் உள்ளமும் சேர்ந்தவன். ஒன்று நோயுற்றால் மற்றதும் துன்புறும். உடல் நோய் சிலருக்கு நெடுங்காலம் வராமலும் இருக்கலாம். ஆனால் கோபம், அச்சம், கவலை ஆகியவற்றிலிருந்து தப்பியவர் எவருமில்லை. அப்படியிருந்தும் மருத்துவர்கள் உடலைப் பற்றி மட்டுமே எழுதுகிறார்களே என்று அவர் குறைப்பட்டார். அந்தக் குறை இன்றும் முழுவதும் நீங்கியபாடில்லை!

கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என்னும் ஓயாத ஊசலாட்டம் ஆகிய நான்குக்கும் அவர் தனித்தனி அத்தியாயம் ஒதுக்கினார். துயரத்தை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்று, காரணம் தெரிந்தது. பிரியமானவரை இழப்பது போல. மற்றது, காரணம் தெரியாமல் கப்பிக்கொள்வது. இரண்டாவது உடலிலிருந்து எழுகிறது, எனவே உடலுக்கும் வைத்தியம் செய்ய வேண்டும் என்றார். அவர் கூறிய இரத்தக் கெடுதி விளக்கம் அக்கால மருத்துவத்தைச் சார்ந்தது. ஆனால் அடிப்படை இன்றும் நிற்கிறது. தைராய்டுச் சுரப்பு குறைந்தாலும் மனச்சோர்வு வருகிறது. முதியவர் திடீரெனப் புத்தி தடுமாறிப் பேசினால், சிறுநீர்த் தொற்றோ இரத்தத்தில் உப்புக் குறைவோ காரணமாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியவரைத் தகடு கட்டி உட்கார வைத்தால் பொறுப்பு யாருடையது?

இன்னொரு யோசனையும் சொன்னார். அவசரத்துக்கென்று வீட்டில் மருந்து வைத்திருப்பது போல, மனம் அமைதியாக இருக்கும் நாளிலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். துன்ப நாளில் அவை எடுத்தாள உதவும் என்றார்.

இந்நூலின் கையெழுத்துப் பிரதி இஸ்தான்புல்லில் அயா சோஃபியா சேகரிப்பில் இருந்தது. 1984இல் பேராசிரியர் ஃபுஆத் செஸ்கின் அதனைப் படப் பிரதியாக வெளியிட்டார். உள்ளத்தைப் பற்றிய பகுதியைச் சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 2013இல் வெளிவந்தது.

ஒரே கூரையின் கீழ்

நூலோடு நின்றார்களா? இல்லை. நோயாளிகளின் இல்லம் என்று பொருள்படும் பீமாரிஸ்தான்களைக் கட்டினார்கள். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் காய்ச்சலுக்கு ஓர் இடம், கண்ணுக்கு ஓர் இடம், அறுவைக்கு ஓர் இடம்; மனநோயாளிகளுக்கும் அதே வளாகத்தில் ஓர் இடம். செலவை வக்ஃபு சொத்து ஏற்றது. 1488இல் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் கட்டிய மருத்துவமனையில் நோயாளிகளுக்கு இசை கேட்கச் செய்ததைப் பிற்காலப் பயணி எவ்லியா செலெபி எழுதி வைத்தார். மனநோயாளியை ஊருக்கு வெளியே தள்ளிவிடுவது இவர்களின் வழியாக இருக்கவில்லை.

ஏர்வாடி தந்த பாடம்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. பலர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர், ஓட முடியவில்லை. 28 உயிர்கள் பறிபோயின. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்!

அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலும் பெற்ற தாயும் உடன்பிறந்தோருமே. ஊரில் உடலுக்கு மருத்துவர் இருந்தார். உள்ளத்துக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் சங்கிலி வந்து சேர்ந்தது.

இன்று அந்த இடைவெளி குறைந்திருக்கிறது. 1996இல் இந்தியாவில் நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, திருச்சி அவற்றுள் ஒன்று. பொது மருத்துவமனையிலேயே மனநோய்க்கும் சிகிச்சை என்பதே இதன் நோக்கம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடை செய்கிறது. உடல் நோய்க்கு உள்ள மதிப்பையும் மருத்துவக் காப்பீட்டையும் மனநோய்க்கும் வழங்க வேண்டும் என்கிறது. குஜராத் மாநிலம் உனாவாவில் மீரா தாத்தார் தர்காவில் 'தவா - துஆ' என்ற திட்டம் நடந்தது. ஓதிப் பார்ப்பவரும் டாக்டரும் கைகோத்தார்கள். துஆவும் நடந்தது, மாத்திரையும் தரப்பட்டது. ஏர்வாடியிலும் இதே வழியில் அரசு மனநல சிகிச்சையை ஏற்படுத்தியது.

"ஓதிப் பார்ப்பது தவறா?" என்று சிலர் கேட்பார்கள். மார்க்கம் அனுமதித்த முறையில் ஓதுவது தவறல்ல. துஆ முஃமினின் ஆயுதம். ஆனால் சர்க்கரைக்குத் துஆவும் கேட்கிறோம், இன்சுலினும் போடுகிறோம். அங்கே முரண் தெரியவில்லையே! நோய்க்கு மருத்துவம் செய்யுங்கள், முதுமை தவிர எந்த நோய்க்கும் நிவாரணம் உண்டு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றபோது, உள்ளத்தின் நோய்க்கு விதிவிலக்கு அளிக்கவில்லை.

இல்லங்களுக்குச் சில குறிப்புகள்

1. டாக்டரிடம் போகும்போது உடலை மட்டும் சொல்லாதீர்கள். தூக்கம், பசி, அழுகை, பயம், வேலையில் மனமின்மை ஆகியவற்றையும் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளிடையே மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். சோர்ந்தவர் மாத்திரையைத் தவற விடுவார், சர்க்கரை ஏறும், சோர்வு கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் சுழல் அறும். தீராத தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிச்சல் என்று வரும் பலருக்கு உள்ளேயிருப்பது மனநோயே.

2. பிள்ளை பெற்றவள் முதல் சில நாள் கண் கலங்குவது சகஜம். இரண்டு வாரம் கடந்தும் அழுகை நிற்கவில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அது நோய். "நாங்களெல்லாம் பெறவில்லையா?" என்று மாமி கேட்க வேண்டாம். இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, தன்னையோ குழந்தையையோ அழித்துவிடுவேன் என்றாலோ, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

3. சிலர் ஒரு ஒளுவுக்கு அரை மணி நேரம் கழுவுவார்கள். தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டுவார்கள். இது பேணுதல் அல்ல; வஸ்வாஸ். உறுதியானதைச் சந்தேகம் நீக்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. ஒருமுறை முறைப்படி செய்தாயிற்றென்றால் முடிந்தது. திரும்பிப் பார்க்க வேண்டாம். சட்டம் தெரிந்தும் நிறுத்த முடியாதவருக்கு இன்னொரு ஃபத்வா பயன்படாது. அவர் மன மருத்துவரைப் பார்க்க வேண்டும். நல்ல சிகிச்சை உண்டு.

4. ரமளானில் மனநோய் மாத்திரையைத் தாமாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ கூடாது. லித்தியம் போன்ற மருந்து உண்பவர் நோன்பில் நீர் வற்றினால், அதுவே இரத்தத்தில் ஏறி நஞ்சாகலாம். ஷஃபானிலேயே டாக்டரைக் கேளுங்கள். நோன்பு கூடாது என்றால் நோயாளிக்குள்ள சலுகை இவருக்கும் உண்டு. உடல் நோயாளிக்கு மட்டுமே அது என்று எந்த இமாமும் எல்லை வகுக்கவில்லை.

5. "கல்யாணம் முடித்து வைத்தால் சரியாகிவிடும்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். நிக்காஹ் மருந்தல்ல. நோயை மறைத்துப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் மோசடி. ஷாஃபிஈ மத்ஹபில், புத்தி பேதலிப்பு நிக்காஹை முறிக்கும் உரிமை தரும் குறைகளில் ஒன்று. சிகிச்சையில் நலமாக இருப்பவருக்குத் திருமணம் தடையல்ல. உண்மையைச் சொல்லிச் செய்யுங்கள்.

6. "செத்தால் தேவலை" என்று ஒருவர் சொன்னால் ஹராம் என்று அதட்டி வாயை அடைக்காதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். தனியே விடாதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசு மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

சகோதரர்களே! உடல் அமானிதம் என்று ஜும்ஆ மேடையில் அடிக்கடி கேட்கிறோம். அந்த உடலைக் கொண்டு தொழுவதும், நோன்பு வைப்பதும், பிள்ளைகளை நேசிப்பதும் எதனால்? உள்ளத்தால் அல்லவா? ஓர் அமானிதத்தில் பாதியைப் பேணி, பாதியைப் பூட்டி வைக்க முடியாது. இந்த மாதம் உங்கள் வீட்டில் யாரையேனும் டாக்டரிடம் அழைத்துச் சென்றால், "மனசு எப்படி இருக்கிறது?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கொண்டு செல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் ஷிஃபாவைத் தருவாயாக! நோயுற்றோரை இழிவாகப் பார்க்கும் பார்வையை எங்களிடமிருந்து அகற்றுவாயாக! ஆமீன்.