சந்தேகமும் மனக்கசப்பும்



நம் வீட்டுக் கல்யாணத்திற்கு ஒருவர் வரவில்லை. உடனே, "நம்மை மதிக்காதவர்" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அவருக்கு என்ன நோயோ, என்ன நொடியோ என்று விசாரிப்பதில்லை. நாளடைவில் அத்தீர்ப்பே பகையாய் முற்றிவிடுகிறது.

இவ்விரு நோய்களுக்கும் திருக்குர்ஆனின் 24-வது அத்தியாயமாகிய அந்நூரில் மருந்து இருக்கிறது. பிரயாணத்தில் பின்தங்கிவிட்ட அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது மதீனாவில் சிலர் அவதூறு பரப்பினர். கண்ணால் கண்ட சாட்சி எவருமில்லை. காதில் விழுந்தபோதே ஏன் நல்லெண்ணம் கொள்ளவில்லை என்று முஃமின்களைக் கண்டிக்கிறது 12-வது வசனம்.

அவதூறு பேசியவர்களில் மிஸ்தஹ் என்பவரும் ஒருவர். ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களின் உறவினர், ஏழை, அவர்களின் உதவியைப் பெற்று வந்தவர். தம் மகளைத் தூற்றியவருக்கு இனி ஒன்றும் கொடுப்பதில்லை என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார்கள். தந்தையின் கோபம் நியாயமானதே. ஆயினும் 22-வது வசனம் இறங்கிற்று. அல்லாஹ்வின் மன்னிப்பை விரும்புகிறவர் பிறரை மன்னிக்க வேண்டாமா என்பது அதன் கருத்து. மிஸ்தஹ் செய்தது குற்றமல்ல என்று அது கூறவில்லை. குற்றத்திற்காகக் கொடுக்கும் கையை மடக்கலாகாது என்றே போதித்தது. அபூபக்ர் (ரலி) அவர்கள் நிறுத்திய உதவியை மீண்டும் கொடுக்கலானார்கள்.

நமது மனக்கசப்புகள் இதனினும் பெரியவையா? மூன்று நாட்களுக்கு மேல் சகோதரனோடு பேசாதிருப்பது ஆகாது என்றும், ஸலாமை முந்திச் சொல்பவரே சிறந்தவர் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள். வரும் ஜும்ஆவில் பள்ளிவாசல் வாசலிலேயே அந்த ஸலாமை நாம் முந்திச் சொல்லுவோமாக!