‘ரிட்டன் ஆஃப்’ என்றால் கடன் தீர்ந்ததா?

வீட்டுக் கடன் வேண்டி அண்மையில் எம் கிளைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், விண்ணப்பத்துடன் பழைய கடிதம் ஒன்றையும் இணைத்திருந்தார். சில ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு நிறுவனத்தில் அவர் பெற்ற தொழிற்கடன், தவணை கட்ட இயலாமல் நின்றுபோயிருந்தது. பின்னர் அந்நிறுவனம் அனுப்பிய கடிதத்தில், ‘தி லோன் ஹாஸ் பீன் ரிட்டன் ஆஃப்’ என்றிருந்தது. “அந்தக் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள், சார்” என்று அவர் நிம்மதியுடன் கூறினார். அவருடைய கடன் தகவல் அறிக்கையோ, அத்தொகை இன்னும் நிலுவையில் உள்ளதாகவே காட்டியது.

இரண்டு சொற்களுக்குப் பிழையாகப் பொருள் கொண்டதால் நேர்ந்த துன்பம் இது. வங்கிக் கடிதங்களில் இத்தகைய தொடர்கள் மிகுதியாக வருகின்றன. ஆகவே அவற்றின் அமைப்பை இவ்விதழில் சற்று விரிவாகக் காண்போம்.

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு ‘ஆஃப்’, ‘ஓவர்’, ‘இன்’, ‘அவுட்’ போன்ற சிறுசொல் சேர்ந்து தனிப்பொருள் தருவதை ‘ஃபிரேசல் வெர்ப்’ என்பர். நாம் அதை இணைவினை எனக் கொள்வோம். ‘டேக்’ என்றால் எடுத்தல்; ‘டேக் ஓவர்’ என்றால் பொறுப்பையும் உரிமையையும் தம் வசமாக்கிக் கொள்ளுதல்.

வங்கித் துறை வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1969-ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. இதைச் செய்வினையில், ‘தி கவர்ன்மென்ட் டுக் ஓவர் ஃபோர்ட்டீன் பேங்க்ஸ்’ எனலாம். செயப்பாட்டுவினையில், ‘ஃபோர்ட்டீன் பேங்க்ஸ் வேர் டேக்கன் ஓவர் பை தி கவர்ன்மென்ட்’ என வரும். வினைச்சொல் ‘டேக்கன்’ என மாறியது. ‘ஓவர்’ மாறவில்லை, இடம் விட்டும் அகலவில்லை.

தமிழில் இது வேறு விதமாக நடக்கிறது. ‘எடுத்துக்கொண்டது’ என்பது ‘எடுத்துக்கொள்ளப்பட்டன’ என்றாகும்போது முற்சொல் அப்படியே நிற்க, பிற்சொல் ‘படு’ என்னும் துணைவினையை ஏற்கிறது. தமிழில் மாற்றம் வாலில். ஆங்கிலத்தில் மாற்றம் தலையில். இதை மனத்திற்கொண்டால் பாதிப் பிழைகள் நீங்கும்.

முதல் விதி: சிறுசொல்லைக் கைவிடலாகாது. ‘உங்கள் புகார் ஆராயப்படும்’ என்பதற்கு, ‘யுவர் கம்ப்ளைன்ட் வில் பி லுக்ட் இன்டு’ என்பதே சரி. வாக்கியம் ‘இன்டு’ என முடிவதைக் குறையெனக் கருதி அதை நீக்கினால் வாக்கியமே சிதைந்துவிடும். செய்பவரைக் குறிப்பிட வேண்டுமெனில், அதன்பின் ‘பை தி மேனேஜர்’ எனச் சேர்க்கலாம். ‘இன்டு பை’ என இரு சிறுசொற்கள் அடுத்தடுத்து நிற்பது பிழையன்று.

இரண்டாம் விதி: வினைக்கும் சிறுசொல்லுக்கும் இடையே செயப்படுபொருள் வராது. செய்வினையில் ‘பே தி லோன் ஆஃப்’ எனக் கடனை நடுவில் வைக்கலாம். செயப்பாட்டுவினையில் கடன் எழுவாயாகி முன்னே சென்றுவிடுவதால், ‘தி லோன் வாஸ் பெயிட் ஆஃப்’ என இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

மூன்றாம் விதி: செயப்படுபொருள் குன்றிய வினைக்குச் செயப்பாட்டு வடிவம் இல்லை. இயந்திரம் பழுதானதைச் சொல்ல, ‘தி மெஷின் வாஸ் புரோக்கன் டவுன்’ எனப் பலர் எழுதுகின்றனர். ‘தி மெஷின் புரோக் டவுன்’ என்பதே சரி.

இலக்கணம் இவ்வளவே. இனி, வாடிக்கையாளர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. செயப்பாட்டுவினையில் செய்தவர் பெரும்பாலும் மறைந்து நிற்பார். எனவே இத்தகைய வாக்கியத்தைப் படிக்கும்போது, ‘யாரால்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

‘தி ஃபார்ம் மஸ்ட் பி ஃபில்ட் இன்’: படிவம் நிரப்பப்பட வேண்டும். யாரால்? உங்களால்.

‘இன்ட்ரஸ்ட் இஸ் வொர்க்ட் அவுட் ஆன் தி டெய்லி பேலன்ஸ்’: வட்டி அன்றாட இருப்பின்மீது கணக்கிடப்படுகிறது. யாரால்? வங்கியால். சேமிப்புக் கணக்குகளுக்கு 2010 ஏப்ரல் 1 முதல் இம்முறை நடைமுறையில் உள்ளது.

‘யுவர் கம்ப்ளைன்ட் வில் பி லுக்ட் இன்டு’: யாரால், எந்நாளுக்குள் என்பதைக் கேட்டறியுங்கள். வங்கியிடம் எழுத்துமூலம் அளித்த புகாருக்கு 30 நாள்களுக்குள் விடை வராவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுக உங்களுக்கு உரிமையுண்டு.

‘தி லோன் ஹாஸ் பீன் பெயிட் ஆஃப்’: கடன் முழுவதும் அடைக்கப்பட்டது. யாரால்? கடன் பெற்றவரால். இங்குதான் கடன் உண்மையில் தீர்கிறது.

‘தி லோன் ஹாஸ் பீன் ரிட்டன் ஆஃப்’: யாரால்? கடன் கொடுத்த நிறுவனத்தால். எங்கே? அதன் சொந்தக் கணக்கேட்டில். வசூலாவது ஐயத்திற்குரிய கடனைச் சொத்துக் கணக்கிலிருந்து நீக்கி, அதற்குரிய இழப்பை நிறுவனம் ஏற்றுக்கொண்டுள்ளது என்பதே இதன் பொருள். கடனாளியின் பொறுப்பு இதனால் நீங்குவதில்லை. வசூல் நடவடிக்கையும் தொடரலாம். கடனையே விட்டுக்கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் ‘வெய்வ்ட்’ என்ற தனிச்சொல் உண்டு. தமிழில் இரண்டையும் ‘தள்ளுபடி’ என்றே வழங்குவதால், நம் வாடிக்கையாளரை மட்டும் குறைகூற இயலாது. ‘ரிட்டன் ஆஃப்’ என்பதை ‘ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது’ என்று சொல்லிப் பழகினால் குழப்பம் குறையும்.

அவரிடம் இவற்றை விளக்கியபோது சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்படியானால் இத்தனை ஆண்டும் நான் கடன்காரனாகவே இருந்தேனா?” என்று கேட்டார். அந்நிறுவனத்தை அணுகி, எஞ்சிய தொகையைச் செலுத்தி, நிலுவையில்லாச் சான்றிதழ் பெறுமாறு கூறினோம். தொகையைக் குறைத்துச் சமரசமாக முடித்தால் கடன் தகவல் அறிக்கையில் ‘செட்டில்ட்’ என்ற குறிப்பு நிற்கும் என்பதையும் எடுத்துரைத்தோம். அவர் நிலுவை முழுவதையும் கட்டவே முடிவு செய்தார்.

சில மாதங்கள் கழித்துப் புதிய கடிதமொன்றுடன் மீண்டும் வந்தார். இம்முறை எம்மிடம் பொருள் கேட்கவில்லை. ‘பெயிட் ஆஃப்’ என்ற இடத்தில் விரலை வைத்து, “இது என்னால், சார்” என்றார். அவருடைய வீட்டுக் கடன் விண்ணப்பத்தை மீண்டும் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டோம்.